வானிலையே தரகராக வரும் காதல் படம்

காதல் படம் என்றால் குறுக்கே நிற்க ஒரு வில்லனோ ஒரு அப்பாவோ வேண்டும். 1945இல் வந்த ‘ஐ நோ வேர் ஐம் கோயிங்’ படத்தில் அந்த இடத்தில் நிற்பது வானிலை. ஆனால் அது காதலைத் தடுக்கவில்லை, கல்யாணத்தைத் தடுக்கிறது!

இதை இயக்கிய மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர் இருவரின் வண்ணப் படங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள்கூட இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்டுகொள்வதில்லை. ஜோன் (வெண்டி ஹில்லர்), 25 வயது. பெரிய கெமிக்கல் கம்பெனி முதலாளியைக் கட்டிக்கொள்ள ஸ்காட்லாந்தின் கிலோரன் தீவுக்குக் கிளம்புகிறாள். எதிரே தீவு, நடுவே கொஞ்சம் கடல். மூடுபனியால் படகு வரவில்லை. கூரை உத்தரங்களை எண்ணிப் படுத்தால் வேண்டியது நடக்கும் என்கிறார்கள். பனியைக் கலைக்கக் காற்று கேட்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக மறுநாள் சூறைக்காற்று. அந்தக் காத்திருப்பில்தான் கடற்படை அதிகாரி டார்க்கில் (ராஜர் லிவ்ஸி) மனசுக்குள் வருகிறான். மாப்பிள்ளையோ கடைசிவரை வெறும் குரல்தான், முகமே கிடையாது. திரைக்கதையின் சாமர்த்தியமே அதில்தான்.

லிவ்ஸி அப்போது லண்டனில் தினமும் மேடை நாடகம் நடித்துக்கொண்டிருந்தார். ஆகவே படப்பிடிப்பு நடந்த மல் தீவில் அவர் காலே வைக்கவில்லை. தூரத்துக் காட்சிகளில் நடப்பது டூப். கிட்டத்துக் காட்சிகள் டென்ஹாம் ஸ்டூடியோவில், பின்னால் திரையில் ஓடும் கடலோடு எடுத்தவை. தெரிந்துகொண்டு பார்த்தாலும் ஒட்டுப்போட்ட இடம் லேசில் பிடிபடாது. ஒளிப்பதிவாளர் எர்வின் ஹில்லியர் வெளிச்சத்தை அப்படி இழைத்திருக்கிறார்.

கோரிவ்ரெக்கன் நீர்ச்சுழலில் மட்டும் குட்டு கொஞ்சம் வெளிப்படும். ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு நடுவே நிஜமாகவே இருக்கும் சுழல் அது. கடலில் எடுத்த காட்சிகளோடு தண்ணீர்த் தொட்டியில் மாதிரிகளை வைத்து எடுத்தவற்றையும் கோத்திருக்கிறார்கள். சில ஷாட்டில் அலையின் அளவு உறுத்தும். அதனால் பதற்றம் குறையவில்லை. காரணம், ஜோன் ஏறிய படகு அந்தப் புயலில் ஏன் கிளம்பியது என்பது நமக்குத் தெரியும். அனுபவசாலிப் படகோட்டி மறுத்ததும், 20 பவுண்டைக் காட்டிக் கல்யாணக் கனவிலிருக்கும் இளம் பையனை அவள் மடக்கிவிட்டாள். நாயகி மேல் இவ்வளவு கோபம் வரவிடும் காதல் படம் அபூர்வம்.

முத்தாய்ப்பு, ஒரு முதிய தம்பதியின் 60ஆம் திருமண நாள் விருந்து. முதலாளி கல்யாணத்துக்கு வாசிக்க வந்து புயலில் மாட்டிக்கொண்ட மூன்று பேக்பைப் கலைஞர்கள் அங்கே ஊதுகிறார்கள். டார்க்கில் பாட்டுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி வரியை அவளைப் பார்த்துச் சொல்கிறான். அவ்வளவுதான், தொடக்கூட இல்லை.

இடையிடையே வரும், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேச்சுக்கு சப்டைட்டில் தேடவேண்டாம். ஜோனுக்கும் அது புரியாது.