அம்மாவின் கண்ணீர்ப் பாதை அறுவை

கண்ணிலிருந்து மூக்குக்கு நீர் இறங்கும் கண்ணீர்ப் பாதையின் அடைப்பைத் தழும்பில்லாமல் மூக்கு வழியே சரிசெய்யலாம் என்ற கட்டுரையைப் படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. இரண்டு வருஷமாக இடது கண்ணில் ஓயாமல் நீர் வடியும். எப்போதும் முந்தானையும் கையுமாகவே இருப்பார். கண்புரை அறுவைக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. கீழ் இமை ஓரத் துளையில் ஊசிக்குழலால் உப்புநீர் செலுத்தினார்கள். தொண்டைக்கு இறங்க வேண்டிய நீர், மேல் இமைத் துளை வழியாகச் சளியோடு திரும்பி வந்தது. இப்படியே புரை அறுவை செய்தால் கண்ணுக்குள் தொற்று போய்விடும், முதலில் இதை முடியுங்கள் என்றார்கள்.

மூக்கினுள் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழலை விட்டு, எலும்பில் சிறு வழி திறந்து, கண்ணீர்ப் பையை நேராக மூக்கோடு சேர்த்துவிட்டார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. சரி, அப்புறம் இருக்கும் பாட்டைக் கட்டுரை சொல்லவில்லையே! மூக்கைச் சிந்தக் கூடாது, உப்புநீரால் கழுவ வேண்டும், உள்ளே கட்டும் பொருக்கை எடுக்க மருத்துவரிடம் நடக்க வேண்டும். புது வழி மூடிக்கொள்ளாமல் இருக்க வைத்திருந்த சிலிகான் குழாயை ஆறு வாரம் கழித்துத்தான் உருவினார்கள்.

தோலைக் கீறிச் செய்யும் பழைய முறையை, 1904-இல் இத்தாலிய மருத்துவர் டோட்டி விவரித்ததை, மட்டம் தட்ட வேண்டாம். அதிலும் பலன் நன்றாகவே கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கு இந்த அடைப்பு இருந்தால், பெரும்பாலும் மருத்துவர் காட்டித்தரும்படி மூக்கோரம் நீவிவந்தாலே ஒரு வயசுக்குள் திறந்துகொள்ளும்.