வீடு ஒன்று, முறை வைத்து இருவர்

அல்பாயுசில் போன அமெரிக்க காமெடி தொடர்களை ஒருவர் பட்டியல் போட்டிருந்தார். அதில் 'ஸ்ப்ளிட்டிங் அப் டுகெதர்' தொடரை எப்படி விட்டார்? 2018 மார்ச்சில் ஏபிசி சேனலில் வந்தது, 2019-இல் இரண்டாவது சீசனோடு ஊத்தி மூடிவிட்டார்கள். மொத்தமே 26 எபிசோடு. மூலம் டென்மார்க் தொடர்.

லீனாவும் மார்ட்டினும் பிரிந்தாச்சு, வீடு மட்டும் ஒன்றே. ஒரு வாரம் ஒருவர் மூன்று பிள்ளைகளோடு வீட்டில், மற்றவர் கராஜில். அடுத்த வாரம் இடம் மாறணும். அதாவது பெட்டி தூக்கி அலைய வேண்டியது பெற்றவர்கள், பிள்ளைகள் இல்லை. கதைக்காகச் சொன்னதும் இல்லை, அமெரிக்காவில் நிஜமாகவே சிலர் இப்படி இருக்கிறார்கள். 'பேர்ட்நெஸ்டிங்' என்பார்கள்.

எனக்கு இது ஒட்டியதற்குக் காரணம் என் அக்கா மகன். சனி, ஞாயிறு அப்பா வீடு. திங்கட்கிழமை காலையில் கணக்கு நோட்டு எப்போதும் அங்கேதான் கிடக்கும். ஷூவில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்றும் ஒருநாள் நடந்தது!

லீனாவாக ஜென்னா பிஷர் ('தி ஆபீஸ்' தொடரில் பாமாக வந்தவரேதான்) நன்றாகவே செய்திருந்தார். ஆனால் ஆரம்பத்திலிருந்தே இருவரையும் மறுபடி சேர்த்து வைக்கத் துடித்தார்கள் பாருங்கள், அங்கேதான் சொதப்பல். பிரிந்தவர்கள் பிரிந்தே இருந்து பிள்ளை வளர்ப்பதில் காமெடிக்கா பஞ்சம்?