‘கேன்’ என்றும் ‘கேன்ட்’ என்றும்

நேற்று இரவு பதினொன்றரை வரை நானும் தம்பியும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவனுடைய புள்ளியியல் விரிவுரைப் பதிவுக்கு கேப்ஷன், அதாவது பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வரிகளை, திருத்திக்கொண்டிருந்தோம்.

தம்பிக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. ஏழு வயதிலிருந்து செவித்துணைக் கருவி போட்டிருக்கிறான். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொள்வான். விரிவுரை மண்டபத்தில் அது நடக்காது. விரிவுரையாளர் திரைப் பக்கம் திரும்பிவிட்டால் அவனுக்கு அன்றைய பாடம் அத்தோடு சரி. அதனால் அவன் நம்பியிருப்பது பதிவுகளைத்தான். விரிவுரையைப் பதிவுசெய்யும் மென்பொருளே பேச்சைக் கேட்டு கேப்ஷனும் போட்டுவிடுகிறது. இருக்கிறதே, அப்புறம் என்ன குறை என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓரிடத்தில் கேப்ஷன் இப்படி ஓடியது: “வி கேன் ரிஜெக்ட் த நல் ஹைபாதசிஸ்.” நான் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு மூன்று முறை கேட்டேன். அவர் சொன்னது ‘கேன்ட்’. நிராகரிக்க முடியாது என்று அவர் சொன்னதை, நிராகரிக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது மென்பொருள். தம்பி இரண்டு நாளாக அதே கணக்கைப் போட்டு, தன் விடை கேப்ஷனோடு ஒத்துப்போகவில்லையே என்று அடித்து அடித்து எழுதியிருக்கிறான். “அப்ப நான் முதல்ல போட்டதுதான் சரியாக்கா?” என்று கேட்டான். சரிதான்டா என்றேன். அந்த இரண்டு நாளை அவனுக்கு யார் திருப்பித் தருவது?

95 சதவீதம் சரியாக வருகிறதே, அது போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நிமிடத்துக்கு 130 சொல் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேர விரிவுரையில் 15,600 சொற்கள். அதில் 5 சதவீதம் என்றால் 780 பிழைகள். பாதிப் பிழை ‘த’, ‘அண்ட்’ என்று போனால் போகட்டும். மீதி விழுவது கலைச்சொல்லிலும் ஆள்பெயரிலும் எண்ணிலும் இந்த மாதிரி எதிர்மறையிலும். ‘ஐகன்வேல்யூ’ என்ற கணிதச் சொல்லை ‘ஐ கேன் வேல்யூ’ என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். காது கேட்பவர் அதைப் பார்த்த நொடியில் தவறு என்று கண்டுபிடித்துவிடுவார். தம்பிக்கு அந்த எழுத்துதான் விரிவுரையே.

நம் உச்சரிப்பும் ஒரு காரணம் என்பார்கள். சிங்கப்பூர் ஆங்கிலப் பேச்சை ஆயிரக்கணக்கான மணி நேரம் பதிவுசெய்து, தேசியப் பேச்சுத் தொகுப்பு என்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வெளியிட்டிருக்கிறது. நம்மைப் போலப் பேசுபவர்களின் குரல்தான் அது. மென்பொருளை வாங்குகிறவர்கள், எங்கள் விரிவுரையாளர்களின் பேச்சில் சோதித்துக் காட்டுங்கள் என்று விற்பனையாளரிடம் கேட்டிருக்கலாம்.

தம்பி படிக்குமிடத்தில் அவனைப் போன்ற மாணவர்களுக்கு உதவவென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் நல்லவர்கள், அன்பாகப் பேசுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். ஒவ்வொரு பருவமும் படிவம் நிரப்ப வேண்டும், மருத்துவ அறிக்கை இணைக்க வேண்டும், எந்தெந்தப் பாடம் என்று பட்டியல் தர வேண்டும். ஒரு விரிவுரைக்குத் திருத்திய கேப்ஷன் வர இரண்டு வாரம் ஆனதுண்டு. அந்தப் பாடத்தின் வினாடிவினா ஐந்தாம் நாளே முடிந்துவிட்டது. ஏழு வயதில் போன கேட்கும் திறன் ஒரு பருவ விடுமுறையில் திரும்பி வந்துவிடுமா, மறுபடி அறிக்கை கேட்பதற்கு?

நாங்கள் வளர்ந்தது ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில். மின்தூக்கி 1, 5, 9 ஆகிய தளங்களில் மட்டும் நிற்கும். எங்கள் வீடு ஏழில். பாட்டி ஈரச்சந்தையிலிருந்து பையோடு வந்து ஐந்தில் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறுவார். மூட்டுவலி உள்ள நாளில் ஒன்பதுக்குப் போய்க் கீழே இறங்கிப் பார்ப்பார், அதுவும் வலிக்கும். 2001-இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் ஒருவழியாக எங்கள் புளோக்குக்கும் வந்தது. எல்லாத் தளத்திலும் நிற்க ஆரம்பித்த பிறகு, ஏழாம் எண் பொத்தானை அழுத்த பாட்டியிடம் யாரும் டாக்டர் கடிதம் கேட்கவில்லை. கேப்ஷனிலும் நான் கேட்பது அவ்வளவுதான்.

பார்வை விஷயத்தில் இன்னும் மோசம். என் தோழி ஒருத்திக்குப் பார்வை இல்லை. வேலை பார்த்துக்கொண்டே வேறொரு பல்கலைக்கழகத்தில் முதுநிலை படிக்கிறாள். கணினியில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறாள். மவுஸ் கிடையாது, எல்லாம் விசைப்பலகைதான். விரிவுரைப் பக்கத்தைத் திறந்து ‘டேப்’ விசையை அழுத்திக்கொண்டே போனால் அவள் காதில் விழுவது “பட்டன், பட்டன், பட்டன்”. எது ஓடவிடும் பட்டன், எது கேப்ஷன் பட்டன் என்று பெயர் வைக்கவே இல்லை. தேடல் பெட்டிக்குள் நுழைந்தால் வெளியே வர முடியவில்லை, பக்கத்தை மூடித்தான் தப்பிக்கிறாள்.

இதெல்லாம் புதிய கோரிக்கைகளும் அல்ல. உடற்குறை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்த முடிவதற்கான, அதாவது இணைய அணுகல்வசதிக்கான, உலக வழிகாட்டி நெறிகளின் 2.0 பதிப்பு வந்தது 2008-இல். அதில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று நிலைகள். பதிவுசெய்த காணொளிக்கு கேப்ஷன் வேண்டும், விசைப்பலகையால் இயக்க முடிய வேண்டும், நுழைந்த இடத்திலிருந்து விசைப்பலகையாலேயே வெளியேற முடிய வேண்டும், பட்டனுக்குப் பெயர் வேண்டும். இவை எல்லாமே ஏ நிலை. அடித்தளத்தில் உள்ளவை.

மென்பொருளை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. விரிவுரையாளர் லேசர் ஒளியைத் திரையில் காட்டி “இது ஏன் இப்படி வளைகிறது என்று பாருங்கள்” என்கிறார். பதிவு எடுப்பது கணினியில் உள்ள படத்தை நேரடியாக. சுவரில் விழும் லேசர் புள்ளி அதில் வராது. மவுஸ் அம்புக்குறியால் காட்டினால் பதிவில் தெரியும். எதைக் காட்டுகிறோம் என்று வாயாலும் சொன்னால் தோழிக்கும் புரியும். மாணவர் கேட்கும் கேள்வியும் அப்படியே. மைக் இருப்பது விரிவுரையாளர் சட்டையில், கேள்வி வருவது பதினைந்தாம் வரிசையிலிருந்து. பதிவில் ஒரு நீண்ட மௌனம், பிறகு “நோ, நாட் ரியலி” என்று ஒரு பதில். கேப்ஷன் திருத்த உட்கார்ந்த எனக்கே அங்கே எழுத ஒன்றும் இல்லை.

கேப்ஷன் எல்லோருக்கும் உதவும் என்பார்கள். உண்மைதான். தேசிய சேவைக்கான முகாம் பயிற்சிக்குப் போய்வந்து விட்ட பாடத்தைப் பிடிக்கிறவருக்கும், ரயிலில் ஒலி இல்லாமல் பார்க்கிறவருக்கும் உதவும். வசந்தம் தொலைக்காட்சியில் தமிழ் நாடகம் ஓடும்போதே கீழே ஆங்கில சப்டைட்டிலைப் படித்து வளர்ந்த ஊர் இது. ஆனால் இந்த வாதத்தை முதலில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் ஒரே ஒருவருக்குத்தான் தேவை என்றாலும் அது இருக்க வேண்டும். அவரும் அதே கட்டணம் கட்டித்தான் படிக்கிறார்.

எனக்கே கவலை தரும் வாதம் ஒன்று உண்டு. ரொம்ப வற்புறுத்தினால் பதிவுகளையே எடுத்துவிடுவார்கள் என்பது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் நடந்தது. பொதுமக்களுக்கு இலவசமாக இணையத்தில் வைத்திருந்த பாடங்களில் அணுகல்வசதி இல்லை என்று 2016-இல் அமெரிக்க நீதி அமைச்சு சொன்னது. 2017 மார்ச்சில் பல்கலைக்கழகம் 20,000-க்கும் அதிகமான பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கியது. அதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. ஆனால் ஹார்வர்டும் எம்ஐடியும் இதே மாதிரிப் புகாரில் 2015-இல் வழக்கைச் சந்தித்தன. 2019-இலும் 2020-இலும் சமரசம் செய்துகொண்டு, கேப்ஷன் போட ஒப்புக்கொண்டன.

இருபதாயிரம் பதிவு சேர்ந்த பிறகு திருத்த உட்கார்ந்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். எங்கள் புளோக்கிலும் மின்தூக்கிக்காகக் கட்டடத்துக்கு வெளியே புதிதாகக் கூண்டு எழுப்ப வேண்டியிருந்தது. அதிகச் செலவாகும் என்பதால் இன்றும் அந்த வசதி வராத சில புளோக்குகள் இருக்கின்றன. பதிவுகளையாவது சேரச் சேரத் திருத்தலாம். விரிவுரை முடிந்த வாரத்திலேயே, அந்தப் பாடம் தெரிந்த மூத்த மாணவருக்குச் சம்பளம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். பாடத்தின் கலைச்சொல் பட்டியலை முன்கூட்டியே மென்பொருளுக்குக் கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம். ஒப்பந்தம் போடுமுன் என் தோழியைப் போன்ற ஒருவரை உட்காரவைத்து, விசைப்பலகையால் ஒரு விரிவுரையைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

சிங்கப்பூர் 2013-இல் உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையை உறுதிப்படுத்தியது. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை உருவாக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையிலும் 2015-லேயே சேர்ந்துவிட்டது. நூலுக்கு முந்திக்கொண்டோம், விரிவுரைக்கும் முந்தலாம்.

இதைப் படிப்பவர்களில் கற்பிக்கிறவர்கள் சிலர் இருப்பீர்கள். அடுத்த வகுப்பில் யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்லுமுன் அந்தக் கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், தயவுசெய்து. தம்பிக்கு வியாழக்கிழமை தேர்வு. இன்னும் நான்கு விரிவுரை திருத்த வேண்டும், இன்று இரவு இரண்டு பார்க்கிறோம்.