அது பாழடைந்த சுவர் இல்லை

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து என் டைம்லைன் முழுக்க அந்த இரண்டு படங்கள்தான். ஒரு ஐடி கம்பெனியின் ஊழியர்கள் ஒரு அரசுப் பள்ளியின் சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, கம்பெனி போட்ட படங்கள். இடது பக்கம் ‘முன்பு’, வலது பக்கம் ‘பின்பு’. எந்தக் கம்பெனி, எந்தப் பள்ளி என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பெயரை எழுதி அந்தப் பிள்ளைகளை இன்னொரு தடவை வீதிக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ‘முன்பு’ படத்துக்குக் கீழே “பாழடைந்து கிடந்த சுவர்” என்று எழுதியிருந்தார்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஏழாம் வாய்ப்பாடு இருக்கிறது. மேலே இரண்டு வரி மழையில் கரைந்துவிட்டது, மற்றதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு ஏரி, கரையில் இரண்டு பனைமரம், ஒரு கொக்கு. அந்தக் கொக்குக்குக் கால் ரொம்ப நீளம். பெரியவர்கள் வரைந்தால் அப்படி வராது, ஒரு பிள்ளை வரைந்திருக்கிறது. கீழே வரிசையாகச் சின்னச் சின்ன நீலக் கை அச்சுகள். அதன் மேல்தான் வெள்ளை அடித்து, பட்டை போட்டு, நடுவில் கம்பெனியின் முத்திரையை வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவின் கீழேயே ஒரு முன்னாள் மாணவர் வந்து, “அது எங்க டிராயிங் சாரும் நாங்களும் லீவுல வந்து வரைஞ்சது” என்று எழுதினார். பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு நன்றி எமோஜி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நேற்று விளக்கமும் வந்துவிட்டது. தலைமையாசிரியரின் அனுமதியோடுதான் செய்தோம் என்கிறார்கள்.

இந்தப் பதிவை நான் எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான். அனுமதி வாங்குவது வேறு, கேட்பது வேறு. “சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாமா சார்?” என்பது அனுமதி. “உங்க பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்?” என்பது கேள்வி. நீங்கள் அனுமதி வாங்கினீர்கள். கேட்கவில்லை.

தலைமையாசிரியர் ஏன் சரி என்றார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இந்த மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் நான். பதினாலு வருஷமாகச் சென்னையில், ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் வேலை பார்க்கிறேன். அதில் நாலு வருஷம் எங்கள் அலுவலகத் தன்னார்வலர் குழுவில் இருந்தேன். ஒரு தடவை ஒரு பள்ளிக்குப் போனபோது நாங்களும் பெயின்ட் டப்பாவோடுதான் போனோம். வேலை முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய பிறகு, குடிக்கத் தண்ணீர் கேட்டுத் திரும்ப உள்ளே போனேன். அந்தத் தலைமையாசிரியை தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். “டேங்க்ல மோட்டார் ஓடலம்மா, ரெண்டு மாசமாச்சு. பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் போகக் கூடாதுன்னு காலையிலேருந்து தண்ணியே குடிக்காம இருக்குதுங்க” என்றார். “டீச்சர், இதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன். அவர் சொன்ன பதில் இன்றுவரை என் காதில் இருக்கிறது. “நீங்க பெயின்ட்டுனு சொல்லிட்டுத்தானம்மா வந்தீங்க. வேற எதாச்சும் கேட்டா, அடுத்த வருஷம் வேற ஸ்கூலுக்குப் போயிடுவீங்க.”

மோட்டாரைச் சரி செய்ய ஆகும் செலவு, நாங்கள் அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன டி-ஷர்ட்டின் செலவைவிடக் குறைவு. நாற்பத்து மூன்று டி-ஷர்ட்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் “சிஎஸ்ஆர் கட்டாயம், அதனால் செய்கிறார்கள், விடுங்கள்” என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். சிஎஸ்ஆர் என்றால் கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். சரி. ஆனால் ஊழியர்கள் கொடுக்கிற நேரத்துக்கு விலை போட்டு அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது என்று 2021 ஆகஸ்டில் கம்பெனி விவகார அமைச்சகம் தெளிவாகவே சொல்லிவிட்டது. மாரத்தான் மாதிரி ஒருநாள் நிகழ்ச்சிகள் கணக்கில் வராது என்று 2014 ஜூனிலேயே சொன்னார்கள். ஆக, வெள்ளிக்கிழமை நடந்தது சட்டத்துக்காக நடந்ததில்லை. ஊழியர்களுக்கு உற்சாகம் வர வேண்டும், டீம் ஒன்றாக வெளியே போய்வர வேண்டும், அப்ரைசல் படிவத்தில் தன்னார்வ மணிநேரக் கட்டம் நிரம்ப வேண்டும், அதற்காக நடந்தது. எங்கள் அலுவலகத்திலும் மார்ச் நெருங்கினால் மெயில் வரும்: உங்கள் டீமில் இன்னும் எட்டு மணி நேரம் முடிக்காதவர்கள் இவர்கள் என்று. அந்த எட்டு மணி நேரத்தை முடிக்க ஒரு சுவர் வேண்டும். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கொடுக்கும் மதிப்பீட்டை நான் கையில் வைத்துப் படித்திருக்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று போட்டு, பெயின்ட், பிரஷ், தொப்பி, மதியச் சாப்பாடு, போட்டோகிராபர் எல்லாம் அதில் இருக்கும். பள்ளியின் தேவை என்று ஒரு வரி இருக்காது. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

“நல்லது செய்ய வர்றவங்களையும் இப்படித் திட்டினா இனிமே யார் வருவாங்க?” இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். அதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் கையெல்லாம் பெயின்ட்டோடு நிற்கிற இருபத்து மூணு வயசுப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர்களில் பாதிப் பேர் இதே மாதிரி அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். வெயிலில் நின்று உண்மையான ஆசையோடுதான் அடித்திருப்பார்கள். அவர்களிடம் அது காலிச் சுவர் என்று சொல்லப்பட்டிருக்கும். சொன்னவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இதே ஐடி பிள்ளைகள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் என்ன செய்தார்கள் என்று மறந்துவிட்டதா? முடிச்சூர் பக்கம் முட்டளவு தண்ணீரில் நானும் போனேன். முதல் நாள் பன்னும் பிஸ்கட்டுமாக ஒரு வேன் நிறையக் கொண்டுபோனோம். ஒரு அம்மா கதவருகே நின்று, “எல்லாரும் பன்னே குடுக்கறீங்களேம்மா, நாப்கின் இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார். மறுநாள் வேனில் பன் பாதியாகக் குறைந்தது. நாப்கின், கொசுவத்தி, பால் பவுடர், பாய் ஏறியது. அவர்கள் சொன்னதை நாங்கள் காதில் வாங்கினோம், அவ்வளவுதான். எங்களுக்குக் கேட்கத் தெரியும். அலுவலகம் ஏற்பாடு செய்தால் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

“நீ என்ன செஞ்ச?” என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பட்டியல் போட்டால் நானும் ‘முன்பு, பின்பு’ போட்டவள் ஆகிவிடுவேன்.

“அரசாங்கம் செய்யாததை அவங்க செய்யறாங்க” என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அந்த டிராயிங் சாரும் அரசாங்கத்தின் ஆள்தான். 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்களே, ஓவியம், உடற்கல்வி, தையல் என்று, அவர்களில் ஒருவர். போராடிப் போராடித்தான் அந்தச் சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டியது. அந்தச் சம்பளத்தில் இருக்கிற மனுஷன் லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஒரு ஏரியை வரைந்திருக்கிறார். உங்கள் கணக்கில் அது தன்னார்வம் இல்லையா? அவருக்கு எந்தப் படிவத்தில் எத்தனை மணி நேரம் எழுதினீர்கள்?

என் சித்தி மகள் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை அரசு தொடங்கியதே, அதில் சேர்ந்தாள். மாதம் ஆயிரம் ரூபாய். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அவள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். அவளுக்குக் கல்யாண வீடு கிடையாது, சந்தை கிடையாது. “நான் போயிட்டா அதுங்க வந்து சும்மா உக்காந்திருக்கும்கா” என்பாள். அப்போது மாநிலம் முழுக்க இப்படி ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். எந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வராது, எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது என்று அவளுக்குத் தெரியும். மறுநாளும் வருகிறவளுக்குத்தான் அது தெரியும். வருஷத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சுவர் மட்டும்தான் தெரிகிறது.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் எடுத்தார்கள். பிறகுதான் ஊரைக் கூட்டினார்கள். பெஞ்சு, கடிகாரம், தண்ணீர்ப் பானை, கரும்பலகை, நிலம், கட்டடம் என்று அவரவரால் முடிந்ததை ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். பட்டியல் முதலில், கொடை பிறகு. இன்றைக்கும் அதற்கு வழி இருக்கிறது. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இணையதளத்தில் பள்ளிகளின் தேவைகளைப் பார்க்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த அம்மாக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால், அந்தக் கொக்கு யார் வரைந்தது என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். ஒருத்தி மகன் வரைந்ததாகக்கூட இருக்கலாம்.

கம்பெனிப் பணமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்காதீர்கள். அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையின் ஆட்கள் மாவட்டங்களிலேயே தங்கி, வருஷக்கணக்காக அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு வேலை செய்கிறார்கள். அதுவும் ஐடியில் சம்பாதித்த பணம்தான். பணம் வரட்டும், ஆட்கள் வரட்டும். கேட்டுவிட்டு வரட்டும்.

இவ்வளவு ஏன் கொதிக்கிறாய் என்று என் தோழி நேற்று போனில் கேட்டாள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஏழாவது படித்தபோது எங்கள் பள்ளிக்கு ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்கள். எங்கள் அம்மா அதே பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எல்லோருக்கும் புத்தகப் பை கொடுத்தார்கள், சிவப்புப் பை, நல்ல பைதான். எனக்குக் கொடுத்தபோது போட்டோ சரியாக வரவில்லை. பையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். நான் சிரிக்கவில்லையாம், மூன்றாவது தடவையும் கொடுத்தார்கள். வெளியே ஊர்ச் சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா சமையல் கூடத்து வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் தோளில் பழைய பை ஒன்று இருந்தது. அம்மா தன் புடவையைக் கிழித்துக் கையாலேயே தைத்தது, உள்ளே பென்சிலுக்குத் தனி அறை வைத்தது. போட்டோவில் தெரியக் கூடாது என்று அதைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னார்கள். கழற்றி வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். அன்று இரவு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவர்கள் கணக்கில் என் அம்மா தைத்த பைதான் ‘முன்பு’.

அந்தச் சுவரின் நீலக் கை அச்சுகளைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பைதான் ஞாபகம் வந்தது. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகளிடமும் இப்போது போன் இருக்கிறது. அவர்களும் அந்தப் பதிவைப் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் என் நட்பு வட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த டிராயிங் சாரைப் போய்ப் பாருங்கள், பெயின்ட் வாங்கிக் கொடுங்கள், அவர் சரி என்றால் பிள்ளைகள் மறுபடி வரையட்டும். அது நடக்க நாளாகும் என்றால் பரவாயில்லை. இன்றைக்கே அந்தப் பதிவைத் திறந்து, ‘பாழடைந்து கிடந்த’ என்ற அந்த இரண்டு வார்த்தைகளை எடுக்கச் சொல்லுங்கள்.