"பிங் போகுதே" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

நேற்று ராத்திரி முழுக்க நெட்வொர்க் ஆட்களிடமிருந்து இதே பாட்டு. "பிங் போகுதே சார், நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. உங்க ஸ்டோரேஜ் ரவுட்டர்லதான் கோளாறு." சர்வர்களின் சாதாரண நெட்வொர்க்கையும் ஸ்டோரேஜின் ஃபைபர் சேனல் நெட்வொர்க்கையும் இணைக்கும் பெட்டிதான் இந்த ரவுட்டர்.

பிங் போகத்தான் செய்யும்! எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்க அனுப்பும் அவ்வளவு சின்ன சோதனைப் பாக்கெட் எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜை எட்டும் ஐஸ்கசி லாகின் ஆனது. லன், அதாவது சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க், தெரிந்தது. அதன் அளவைக்கூடச் சரியாகக் காட்டியது. ஒரு ஃபைலை எழுதப் போனால் மட்டும் சர்வர் அப்படியே உறைந்து நிற்கிறது. இதைப் பார்த்ததும் முதலில் எங்கே கை வைக்க வேண்டும்? எம்டியுவில், அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவில். சர்வரில் 9000 பைட், ரவுட்டர் போர்ட்டில் 9000, நடு ஸ்விட்ச்சில் 1500. அதைவிடப் பெரிய பாக்கெட்டைச் சுமந்து வரும் ஃபிரேமை அந்த ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அனுப்பியவனுக்கு ஒரு தகவலும் வராது.

சொன்னேன். "பிங் போகுதே." ஃபைபர் சேனல் பக்கம் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன், ஸோனிங் (அங்கே எது எதோடு பேசலாம் என்ற அனுமதி) சரி. கேபிளை மாற்றினார்கள். கேபிள் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலை மாற்றினார்கள். திரும்பவும் பிங். ரவுட்டரை ரீபூட் பண்ணச் சொன்னார்கள். அதே ரவுட்டர் வழியாக மற்ற சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, முடியாது என்றேன். அதற்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங்கை நானே அனுப்பினேன். 9000-இல் ஐபி ஹெடருக்கு 20, பிங்கின் ஐசிஎம்பி ஹெடருக்கு 8 போனால் மிச்சம் அதுதான். ஒன்றுகூடத் திரும்பவில்லை. 1500-க்கு ஏற்றபடி 1472 என்று குறைத்தேன், பட்டென்று பதில் வந்தது. அப்புறம்தான் ஸ்விட்ச்சுக்குள் போய்ப் பார்த்தார்கள். விடியப்போகும் நேரத்தில் செட்டிங்கை மாற்றியதும் எல்லாம் ஓடியது.

வயிறு எரிவது தூக்கம் போனதற்காக இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே திட்டத் தாளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எம்டியு எழுதி அனுப்பியிருந்தேன். யாரும் திறக்கவே இல்லை. அதே தாளில் இரண்டு ரவுட்டருக்கும் இரண்டு தனித்தனி ஸ்விட்ச் என்று படம் போட்டுக் காட்டியிருந்தேன். இரண்டு பாதையையும் கொண்டுபோய் ஒரே ஸ்விட்ச்சில் செருகியிருக்கிறார்கள். பிறகு இரண்டு ரவுட்டர் எதற்கு? அந்த ஒரு ஸ்விட்ச் படுத்தால், ஒரு பாதை போனால் மற்றதில் அனுப்பும் மல்டிபாத் என்ன செய்யும்? இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று.

காலையில் டிக்கெட்டை மூடியவர் எழுதியிருக்கிறார்: "ஸ்டோரேஜ் ரவுட்டர் பிரச்சினை, சரிசெய்யப்பட்டது." ரவுட்டர் பிரச்சினையாம்!

இன்னொன்று. ஸோனிங் போடுவதற்கு, ஃபைபர் சேனல் போர்ட்டின் அடையாள எண்ணான டபிள்யூடபிள்யூஎன் கேட்டால் திரையை மொபைலில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 16 இலக்கம், அதுவும் மங்கலாக, சாய்ந்து, நடுவில் ட்யூப்லைட் வெளிச்சம் வேறு. அது எட்டா, பி-யா? காப்பி பண்ணி ஒட்டி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?