நகல் கொடுத்தாயிற்று என்று எழுதிவிட்டால் போதுமா?

2024 ஜூலை 1 அன்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் விடைபெற்று, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டங்களைப் பற்றிய விவாதம் அவற்றின் இந்திப் பெயரிலும் போலீஸ் காவல் நாட்களிலுமே பெரும்பாலும் தேங்கி நின்றுவிட்டது. விசாரணை நீதிமன்றங்களில் அன்றாடம் நடக்கிற ஒரு காரியம் அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போனது. வழக்கு ஆவணங்களின் நகல்களைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழங்குவதைத்தான் சொல்கிறேன். முன்பு 207-ஆவது பிரிவு, இப்போது 230.

புதிய பிரிவில் நல்லதும் இருக்கிறது. காலதாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் பழைய சட்டம் சொன்னது. புதியது, எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், நீதிமன்றத்தில் முன்னிலையான நாளிலிருந்து 14 நாட்களுக்கு மேல் போகக் கூடாது என்று கெடு வைக்கிறது. பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் வைத்திருந்தால் அவருக்கும் இலவசமாக நகல் உண்டு.

சிக்கல் அடுத்த வரியில் வருகிறது. மின்னணு வடிவில் ஆவணங்களைக் கொடுத்தாலே முறையாக வழங்கியதாகக் கருதப்படும் என்கிறது சட்டம். கையில் கணினி உள்ளவருக்கு இது வசதிதான். ஆனால் நீதிமன்றக் காவலில் இருக்கும் ஒருவரிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, வழக்குக் கட்டில் ‘நகல் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டால், அவர் எதைப் பெற்றுக்கொண்டார்? சிறையில் அதை எங்கே போட்டுப் பார்ப்பார்? கோப்பு திறக்கிறதா, அறிக்கையோடு இணைத்த படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று யார் சரிபார்த்தார்கள்? இதற்கெல்லாம் சட்டத்தில் பதில் இல்லை. அத்தனையையும் சட்டத்தில் எழுதவும் முடியாது. அதற்காகத்தான் உயர் நீதிமன்றங்கள் வகுக்கும் நடைமுறை விதிகள் இருக்கின்றன.

இதை வெறும் அலுவலக ஒழுங்குப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நடக்கும் பிடியாணை வழக்குகளில், அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கக் கூடிய வழக்குகளில், நகல் வழங்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விடுவிப்பு மனு (சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு) போட வேண்டும் என்று 262-ஆவது பிரிவு புதிதாகக் கெடு விதித்திருக்கிறது. திறக்காத கோப்பைக் கொடுத்த நாளிலிருந்து அந்த 60 நாள் ஓடத் தொடங்குமா, அல்லது கடைசி ஆவணமும் படிக்கக் கூடிய நிலையில் வந்து சேர்ந்த நாளிலிருந்தா? என் கருத்தில் இரண்டாவதுதான் சரி. ஆனால் அதை விதியில் எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு நீதிமன்றமும் தனக்குத் தோன்றியபடி கணக்குப் போடும். வாய்தா மேல் வாய்தாவாக இதையே வாதாடிக்கொண்டிருக்க நேரும்.

இதைவிடப் பெரிய குறை, சட்டம் தொடாமல் விட்ட இடத்தில் இருக்கிறது. 230-இன் கீழ்க் கிடைப்பவை பெரும்பாலும் அரசுத் தரப்பு தன் வழக்குக்காகச் சார்ந்திருக்கும் ஆவணங்களே. ஒரு தெருவில் மூன்று கடைகளின் சிசிடிவி பதிவுகளைப் புலன் விசாரணை அதிகாரி கைப்பற்றுகிறார், இரண்டில் எதிரி தெரிகிறார், மூன்றாவதில் அதே நேரத்தில் அவர் வேறு இடத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குற்றப்பத்திரிகையோடு இரண்டு மட்டும் வந்தால், மூன்றாவது இருப்பதே எதிரித் தரப்புக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? கேட்டாலும், குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் எதிரி தன் தரப்புக்கான ஆவணங்களை வரவழைக்கச் சாதாரணமாக உரிமை இல்லை என்பது 2004-லிருந்து இருந்துவரும் நிலை.

உச்ச நீதிமன்றம் இதை உணராமல் இல்லை. 2021 ஏப்ரல் 20 அன்று தானே முன்வந்து எடுத்த வழக்கில் மாதிரி விதிகளை இறுதி செய்து, புலன் விசாரணை அதிகாரி சார்ந்திராத வாக்குமூலங்கள், ஆவணங்கள், சான்றுப் பொருட்கள் எவை என்பதையும் எதிரிக்குக் கொடுக்கும் பட்டியலில் குறிப்பிட வேண்டும் என்றது. உயர் நீதிமன்றங்கள் ஆறு மாதத்துக்குள் இவற்றைத் தம் விதிகளில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. 2022-இல் மத்தியப் பிரதேச மரண தண்டனை வழக்கொன்றில் இதையே வலியுறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற கொலை வழக்கிலும் இந்தக் கேள்வி எழுந்து, விசாரணை நீதிபதிகளே இது கடைப்பிடிக்கப்படுவதை உறுதி செய்ய வேண்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. 2025 மே மாதம் பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கும் இந்தப் பட்டியல் உண்டு என்றானது. இத்தனைக்கும் நடுவே 2023-இல் புதிய சட்டம் இயற்றிய நாடாளுமன்றம், 230-இல் இதற்கு ஒரு வரி கூட ஒதுக்கவில்லை. கவனக்குறைவா, வேண்டுமென்றே விட்டதா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

இந்தப் பட்டியலைக் கொடுத்தால் சாட்சிகளுக்கு ஆபத்து என்று அரசுத் தரப்பில் சிலர் சொல்வார்கள். பட்டியல் என்பது ஆவணமே அல்ல. இன்னது கைப்பற்றப்பட்டது என்ற தகவல் மட்டுமே. பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் அடங்கிய பதிவு போன்றவற்றுக்கு 2019-இல் கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமே வழி காட்டியது: நகல் தராமல் எதிரித் தரப்பு பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம்.

ஆகவே புதிய சட்டத்துக்கேற்ப விதிகளைத் திருத்துவது பிரிவு எண்களை மாற்றிப் போடும் வேலையாக முடிந்துவிடக் கூடாது. சோதனையையும் கைப்பற்றலையும் காணொளியாகப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்று 105-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவு 230-இல் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை, எனவே அதன் நகல் எதிரிக்கு உண்டு என்று விதி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மின்னணுக் கோப்புகளை, அவை பின்னர் மாற்றப்பட்டனவா என்று காட்டிக்கொடுக்கும் குறியீடான ஹாஷ் மதிப்போடு கொடுக்க வேண்டும். காவலில் இருப்பவர் கேட்டால் தாளில் தர வேண்டும். சாராத பொருட்களின் பட்டியலில் புலன் விசாரணை அதிகாரி கையொப்பமிட வேண்டும்; அது வழக்குக் கட்டில் வந்து சேராத வரை நகல் வழங்கல் முடிந்ததாக நடுவர் பதிவு செய்யக் கூடாது, 60 நாள் கணக்கும் தொடங்கக் கூடாது.