ரேசர் கட்சியிலிருந்து சில வார்த்தைகள்

பெண்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் "வேக்சிங் நல்லதா, ஷேவிங் நல்லதா" என்று யாராவது கேட்டால், என்ன பதில் வரும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். "ஐயோ, ரேசர் மட்டும் வச்சிடாதம்மா, அப்புறம் ஆம்பளைங்க மாதிரி மொத்தமா வளர ஆரம்பிச்சிடும்." சொல்பவர் அக்காவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், பார்லரில் வேலை செய்பவராகவும் இருக்கலாம். (கடைசியாகச் சொன்னவருக்கு இந்தப் பயத்தால் வருமானமும் உண்டு.) நான் ரேசர் கட்சி. வேக்சிங்குக்கு எதிரி இல்லை. ரேசர் மேல் போட்ட பழி பொய், வேக்சிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. இந்த இரண்டுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் பழி. தோலுக்கு வெளியே நாம் பார்க்கிற முடி உயிரற்ற ஒன்று. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன இழை, அவ்வளவுதான். அதில் நரம்பும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை. மேலே வெட்டுப்பட்ட சேதி உள்ளே இருக்கும் மயிர்க்காலுக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. முடி எவ்வளவு தடிமனாக, எந்த நிறத்தில், எத்தனை வேகமாக வளர வேண்டும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோனும்தான் தீர்மானிக்கின்றன. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர், ஷேவ் செய்வதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ கூடவில்லை என்று 1928-லேயே அளந்து பார்த்து எழுதிவிட்டார். 1970-இல் வந்த இன்னொரு ஆய்வில், இளைஞர்கள் ஐந்து பேர் பல மாதங்களுக்கு வாரம் ஒருமுறை ஒரு காலை மட்டும் ஷேவ் செய்தார்கள், மறு காலை அப்படியே விட்டார்கள். இரண்டு காலிலும் வளர்ந்த முடியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒரே ஆளின் இரண்டு கால்களை ஒப்பிட்டார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. "அவங்க பரம்பரை வேற" என்று தப்பிக்க முடியாது.

அப்படியானால் ஷேவ் செய்த இரண்டாம் நாளே ஏன் குத்துகிறது? தானாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்துகொண்டே போய்க் கூராக முடியும். ரேசர் அதைக் குறுக்கே வெட்டிவிடுவதால், சீவிய பென்சிலின் முனையை நறுக்கிவிட்ட மாதிரி, தடித்த பாகம் மேலே வந்து நிற்கிறது. கைக்குச் சொரசொரப்பு, கண்ணுக்குக் கூடுதல் கறுப்பு. முடி அதே முடிதான்.

இந்தப் பயம் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்க இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பெண்கள் பெரும்பாலும் முதன்முதலில் ரேசரைத் தொடுவது பருவ வயதில். பூனைமுடியாக இருந்தது ஹார்மோனால் தடித்துக் கறுக்கிற காலமும் அதுதான். ரேசரைத் தொடாமல் இருந்திருந்தாலும் அடுத்த இரண்டு வருடத்தில் கால் முடி அடர்ந்துதான் இருக்கும். ஆனால் பக்கத்தில் கையும் களவுமாக ரேசர் மாட்டிக்கொண்டதால் குற்றம் அதன் தலையில் விழுந்துவிட்டது.

சரி, வேக்சிங்குக்கு வருவோம். முடியை வேரோடு பிடுங்குவதால் மூன்று முதல் ஆறு வாரம் வரை நிம்மதி என்பார்கள். அதில் பொய் இல்லை. திரும்ப முளைக்கும்போது கூர் நுனியோடு வருவதால் மிருதுவாகவும் இருக்கும். இதுவரைக்கும் வேக்சிங் கட்சிக்கு என் முழு ஆதரவு.

அவர்கள் சொல்லாமல் விடுவது இனிமேல்தான். வேக்ஸ் முடியைப் பற்றிப் பிடிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பாதி முடி நழுவும், மீதி நடுவிலேயே உடையும். அதுமட்டுமல்ல, உடம்பிலுள்ள முடியெல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில ஓய்வில் இருக்கும், சில உதிரத் தயாராக இருக்கும். இன்று பிடுங்கப்படுவது இன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான். அன்று தோலுக்கு அடியில் இருந்தது அடுத்த வாரம் எட்டிப் பார்க்கும். உடனே திரும்பப் போய் எடுக்கவும் முடியாது, ஏனென்றால் நீளம் போதாது. ஆக, கையிலும் காலிலும் ஒரு முடிகூட இருக்கக் கூடாது என்று நினைத்து வேக்சிங்குக்குப் போகிறவர், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம் முடியோடுதான் நடமாட வேண்டும். அந்த நாட்களில் முழுக்கை சட்டையைத் தேடாதவர், கேலி செய்தால் சட்டை செய்யாதவர், இவர்களுக்குத்தான் வேக்சிங் சரிப்படும். வலியைத் தாங்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதைத் தாங்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

வலியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கால் பரவாயில்லை. அக்குளைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அக்குளில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. பல பக்கமாகத் திரும்பியிருக்கும். அதனால் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து எடுக்க வேண்டும். துணிப்பட்டை ஒட்டாமல் தானே இறுகுகிற ஹார்டு வேக்ஸ் அங்கே மேல். பொறுமையில்லாதவர் கையில் மாட்டினால் ரத்தப்புள்ளிகளோடு வீடு திரும்பலாம்.

பொறுமையைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. "முகப்பருவுக்கு ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?" நான் போன எந்த பார்லரிலும் இதை என்னிடம் கேட்டதில்லை. ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நிறுத்திய பிறகும் குறைந்தது ஆறு மாதம் வேக்சிங் செய்யக் கூடாது. அந்த மருந்து தோலை மெலிதாக்கி எளிதில் கிழியக்கூடியதாக மாற்றிவிடும். முடியோடு சேர்த்துத் தோலும் உரிந்து வந்து தழும்பாகிவிடலாம். ட்ரெடினோயின், அடாபலின் போன்ற கிரீம்களைப் பூசுகிற இடத்திலும் இதே ஆபத்து உண்டு. இப்போது இரவுக் கிரீம்களில் இதே வகையைச் சேர்ந்த ரெட்டினால் சர்வசாதாரணம். அதைப் பூசிக்கொண்டு மேலுதட்டுக்கும் புருவத்துக்கும் வேக்ஸ் போடச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பார்லரில் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும். அப்படியே இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் மேல் தடவிய குச்சியையே திரும்ப வேக்ஸ் பாத்திரத்தில் முக்குகிறார்களா? முக்கினால், உங்களுக்கு முன்னால் வந்தவர் தோலைத் தொட்ட குச்சியும் அதே பாத்திரத்துக்குள் போய்த்தான் வந்திருக்கிறது. எழுந்து வந்துவிடுங்கள்.

ரேசர் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். முழு யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. ரேசர் போகிற வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுக்கொண்டே போகும். அறுவை சிகிச்சைக்கு முன் ரேசரால் முடி எடுக்கவே வேண்டாம், அவசியமென்றால் கிளிப்பரால் கத்தரியுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது. வீட்டுக் குளியலறையில் அந்தக் கீறல் பெரிய விஷயமாகாமல் இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். ரேசரைக் குறை சொல்கிறவர்கள் பலர் அதைப் பிடிப்பது எப்படித் தெரியுமா? அவசரத்தில், காய்ந்த தோலில், போன வருடத்து பிளேடால், எதிர்த்திசையில் அழுத்தி இழுப்பது. பிறகு "எனக்கு ஷேவிங் ஒத்துக்காது" என்பது. குளித்து முடிக்கும் நேரத்தில், தோல் ஊறியிருக்கும்போது, ஜெல்லோ நுரையோ தடவி, முடி படுத்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஐந்தாறு முறைக்குப் பிறகு பிளேடை மாற்றுங்கள், ஈரத்திலேயே போட்டு வைக்காதீர்கள். கணவனோ தங்கையோ, யார் ரேசரையும் வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் அந்த வழியாகவும் பரவக்கூடியவை.

சுருட்டை முடிக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. மொழுமொழுவென்று ஆக வேண்டும் என்று ஒட்ட ஒட்ட ஷேவ் செய்தால், வெட்டுப்பட்ட நுனி வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்தி வளர்ந்து பரு மாதிரி வீங்கும். தாடி எடுக்கிற ஆண்களில் பலருக்கு இதுதான் தீராத தொல்லை. வேக்ஸிலும் இது வரும், அதனால் கட்சி மாறிப் பயனில்லை. ஒட்ட எடுக்காமல் டிரிம்மரோடு நிறுத்திக்கொள்வதுதான் வழி.

அந்தரங்கப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே இருக்கும் முடி அழுக்கு இல்லை. உராய்விலிருந்து தோலைக் காப்பதற்காக இருக்கிறது. சுத்தத்துக்காக எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவம் சொல்லவில்லை. எடுக்கத் தோன்றினால் டிரிம்மர் போதும் என்பது என் அபிப்பிராயம்.

பெண்களுக்கென்று ஜில்லெட் நிறுவனம் தனி ரேசர் விற்க ஆரம்பித்தது 1915-இல்தான். கையில்லாத உடைகள் வந்த காலம் அது. அதற்குப் பின்னால் வந்த விளம்பரங்கள் அக்குள் முடியை வெட்கப்பட வேண்டிய ஒன்றாக்கின. எடுக்காமலே விட்டுவிடுவதும் ஒரு வழிதான் என்பதை இந்த வேக்சிங்–ஷேவிங் சண்டையில் நானே மறந்துவிடுகிறேன்.

ஆனால் தாடையிலும் மார்பிலும் திடீரென்று முரட்டு முடி முளைத்து, மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் போனால், அது பார்லர் சமாச்சாரமே இல்லை. பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள்.

பதினொன்று, பன்னிரண்டு வயது மகள் கேட்கிறாள், என்ன செய்ய என்று இரண்டு அம்மாக்கள் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்கள். அவளாகக் கேட்டால் மட்டும் என்பது என் முதல் நிபந்தனை. அப்புறம், வேக்சிங்குக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவளுக்கென்று தனியாக ஒரு ரேசர் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். முழங்கால் மூட்டிலும் கணுக்காலிலும் மட்டும் நிதானமாகப் போகச் சொல்லுங்கள். எலும்பு மேடாக இருப்பதால் அந்த இரண்டு இடத்தில்தான் வெட்டிக்கொள்வார்கள்.